மயில் வசீகரனுக்கு இரண்டு ரேஷன் கார்டு

பட்டாம்பூச்சி பார்க்கப் போகிறவர்களுக்கு வெயிலைவிடப் பெரிய தொந்தரவு, ஊர்க்காரர்களின் அக்கறை. மதுராந்தகம் பக்கம் ஓர் ஏரிக்கரையில் மண்டியிட்டுப் புல்லுக்குள் தலையை விட்டிருந்த இந்தக் கட்டுரையாளரிடம், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கேட்டார்: "என்ன சார், மோதிரம் விழுந்துடுச்சா?"

"இல்லம்மா, பட்டாம்பூச்சி."

அம்மா அதற்குமேல் பேசவில்லை. ஆடுகளை மட்டும் கொஞ்சம் தள்ளி ஓட்டிக்கொண்டு போனார்.

தேடப்பட்டவர் மயில் வசீகரன். இறக்கையை விரித்தால் சந்தேகமே வராது. உடம்பெல்லாம் ஆரஞ்சு, பின்னிறக்கை ஒவ்வொன்றிலும் மயில்தோகைக் கண் ஒன்று. கிட்டே போனால் அந்தக் கண்ணின் ஒரு பாதி செம்பழுப்பு, மறுபாதி கருநீலம், நடுவே கடுகைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளிகள். ஆனால் கிட்டே போவதற்கு அது சம்மதிக்க வேண்டும்.

இறக்கையை மூடினால்தான் வில்லங்கம். மழைக்காலத்தில் பிறந்ததற்கு அடிப்பக்கத்திலும் கண்கள் தெரியும். வறண்ட காலத்தில் பிறந்ததற்கு அவை மறைந்துவிடும். இறக்கை முனை கூராகி, காம்பு போல ஒரு வால் நீண்டு, நடுவில் நரம்பு போல ஒரு கோடு ஓடி, அசல் சருகாகவே உட்கார்ந்திருக்கும். உயிரினங்களுக்குப் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸே 1758-ல் இரண்டையும் தனித்தனி இனமென்று நினைத்து அல்மானா, ஆஸ்டெரீ என்று இரண்டு பெயர் வைத்துவிட்டார். ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு! பின்னால் வந்தவர்கள் விசாரித்து ஒன்றை ரத்து செய்தார்கள்.

துரத்திப் பயனில்லை. ஆண் பூச்சி தனக்கென ஓர் இடம் பிடித்து வைத்திருக்கும்; அந்தப் பக்கம் வருகிறவர்களை விரட்டிவிட்டு மறுபடி அங்கேயே வந்து உட்காரும். அதைவிடச் சுலபமான வழி, செடியைத் தேடுவது. இதன் புழுக்கள் பொடுதலையும் நீர்முள்ளியும் தின்னும். இரண்டும் ஈரம் கண்ட இடத்துச் செடிகள் என்பதால் வயல் வரப்பு, குளத்தோரம், வாய்க்கால் கரை என்று பார்த்தால் போதும். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சப் பொடுதலை பறிக்கிறவர்கள், முள்முள்ளாக ஏதாவது ஊர்கிறதா என்று இலையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. எண்ணெய்க்கும், புழுவுக்கும்.

இப்போது ஏரிகளை 'அழகுபடுத்தும்' காலம். களையென்று பொடுதலையை வழித்தெடுத்து, கரைக்குக் கல் பதித்து, நடைபாதை போட்டுவிட்டுக் கடைசியில் சுற்றுச்சுவரில் பட்டாம்பூச்சி வரைகிறார்கள். கட்டுரையாளர் பார்த்த ஒரு சுவரில், ரோஸ் நிற இறக்கையும் பச்சைப் புள்ளிகளும் எட்டுக் கால்களும் கொண்ட ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பற்களும் இருந்தன.