நூற்று எழுபத்தொன்பதாவது ஆள்

புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் அப்பாக்களில் ஒரு ரகம் உண்டு. வீட்டுப் பானையில் அரிசி இருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் எந்த ஊர் அம்மனுக்கு என்றைக்குக் காப்புக் கட்டுகிறார்கள் என்பதைப் பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்லுவார்கள். கல்யாணம் என்றால் பந்தக்கால் நடும்போது போய், வாழைமரம் அவிழ்க்கும்போது திரும்புவார்கள். சாவு வீட்டில்கூட அவர்கள் போய் உட்கார்ந்த பிறகுதான் யாராவது ஒருவர் சிரிப்பார். எங்கள் அப்பா அந்த ரகத்தில் முதல் தரம்.

பிறந்தது 1942இல், கீழூருக்கு இரண்டு மைல் தள்ளி. அந்த இரண்டு மைலைத்தான் அவர் ஆயுள் முழுக்கக் குறைத்துக்கொண்டே வந்தார். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் கூடி, இந்தியாவோடு சேருவதா என்று வாக்களித்தார்கள். மொத்தம் 178 பேர். 170 பேர் சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் சிறுவனாக இருந்தபோது சொன்ன கதையில், எங்கேயோ ஒரு புளியமரத்தில் ஏறித் தூரத்திலிருந்து பார்த்தார். நான் பத்தாவது படிக்கும்போது மரம் நகர்ந்து வாக்களித்த இடத்துக்கு எதிரே வந்துவிட்டது. எனக்குக் கல்யாணமான காலத்தில் அவர் மரத்தைவிட்டு இறங்கி, உள்ளே இருந்தவர்களுக்குக் குடத்தில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். பேரன் பிறந்த பிறகு அந்த எட்டுப் பேர் யார் என்பதும் தெரிந்துபோயிற்று. "பேரு சொல்லமாட்டன். அவங்களுக்கும் புள்ளகுட்டி கீது" என்று பெருந்தன்மையாக மறைத்துவிடுவார்.

"நூத்தியெழுபத்தெட்டா, நூத்தியெழுபத்தொம்பதா, சரியா சொல்லு" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

இணைப்பு சட்டப்படி நிறைவேறியது 1962 ஆகஸ்டு 16இல். வருஷா வருஷம் அந்தத் தேதியில் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுவார்கள். அப்பா சலவை வேட்டியில் போய் முன்வரிசை நாற்காலியில் உட்காருவார். எழுப்ப வருகிறவனிடம் முந்திக்கொண்டு, "அப்பாரு நல்லாகிறாரா?" என்று விசாரித்துவிடுவார். அதற்குமேல் எவன் எழுப்புவான்?

அந்த 1962இன்மேல் அவருக்கு ஒரு தீராத மனத்தாங்கலும் உண்டு. ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. டவுனில் விவரம் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் சம்பா நட்டு, களையெடுத்து, அறுத்துக் களத்துக்குக் கொண்டுவருவதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கும் சொல்தா யாராவது தெருவில் போனால் அப்பா எழுந்து நின்று "போன்ழூர் முசே" என்பார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். பிறகு எங்களைப் பார்த்து, "ஒரே ஒரு கையெழுத்துடா. போட்டிருந்தா உங்கம்மா இந்நேரம் பாரீசுல வரட்டி தட்டிகினு இருப்பா" என்பார்.

வேலை ரோடியர் மில்லில். முதலியார்பேட்டைக்குப் பத்து கிலோமீட்டர் சைக்கிள். ஷிப்டு எப்போது முடிகிறது என்பது கடைசிவரை அவருக்கும் மில் சங்குக்கும் இடையிலான ரகசியம். இரண்டு மணிக்கு விட்ட ஷிப்டுக்கு விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து, சைக்கிள் பஞ்சர் என்பார். அந்த சைக்கிள் ஆன பஞ்சருக்கு டியூபே இருந்திருக்கக் கூடாது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சிரிக்கமாட்டார். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. "மிச்ச நேரம் அவங்க உசுரக் குடுத்து வாங்கினது. அத வூட்ல படுத்துத் தூங்கி வீணாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூத்துப் பார்க்கக் கிளம்புவார்.

கூத்து என்றால் பார்ப்பதோடு நிற்கமாட்டார். முன்னால் உட்கார்ந்து கட்டியங்காரனுக்கு எதிர்ப்பேச்சுப் பேசுவார். ஒரு வருஷம் திரௌபதி அம்மன் திருவிழாவில், பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கட்டியங்காரன் கையிலிருந்த கோலை அப்பாவிடம் நீட்டி, "அண்ணே, நீங்களே ஆடுங்க, நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்" என்றான். அப்பா நிஜமாகவே எழுந்துவிட்டார். அன்றைக்கு துரியோதனன் சபைக்கு வர அரைமணி நேரம் தாமதம்.

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் தேதியோடு கள்ளும் சாராயமும் நின்றுபோயின. புதுச்சேரியில் நிற்கவில்லை. அந்தப் பொங்கலிலிருந்து விழுப்புரம் பக்கத்து உறவுக்கெல்லாம் எங்கள்மேல் பாசம் பொங்கிவிட்டது. மாமன் முறை, பங்காளி முறை, முறையே தெரியாதவர்கள். "உங்கப்பாரப் பாத்து எம்மாம் நாளாச்சு" என்று கண்கலங்கி வருவார்கள். ஐந்து நிமிஷம் பார்ப்பார்கள். பிறகு இரண்டு பேருமாகத் தோப்புப் பக்கம் போவார்கள். "சொந்தம் வுட்டுப்போகக் கூடாதுன்னு எம்ஜியாரு பண்ண ஏற்பாடு" என்பாள் அம்மா.

வில்லியனூரில் திருக்காமீசுவரர் தேர், பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடித்த தேர். இப்போதும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வருகிறார்கள். "அவங்க தொட்டுட்டுப் போயிடுவாங்க. இஸ்துகினு போறது நாமதான்" என்பார் அப்பா. ஈஸ்டர் முடிந்ததும் அதே ஊரில் லூர்து மாதா தேர். அதற்கும் அவர்தான். "வடம் புடிக்கற கைக்கு வாளி புடிக்க மட்டும் நோவுது" என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே அம்மா சொல்லுவாள்.

அம்மா பாகூர்க்காரி. ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்லைப் பார்த்து வளர்ந்தவள். 1966இல் எங்கள் மேட்டங்காட்டுக்கு வந்தாள். இரண்டு மாடு, ஒரு சீட்டு, அவளுடைய கம்மல் இவற்றைக்கொண்டு ஐந்து பிள்ளைகளைக் கரையேற்றினாள். அந்தக் கம்மல் வருஷத்தில் எட்டு மாதம் அடகுக் கடையில் குடியிருக்கும். தேர் அன்றைக்கு ஊருக்கு வந்துவிடும். ஒருநாள் என் தங்கை பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு செய்தி கொண்டுவந்தாள்: பல்லவர் காலத்தில் பாகூரில் பெரிய கல்விச்சாலை இருந்தது, அதற்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததாகச் செப்பேடு சொல்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்கு அன்று வந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே! "எங்க ஊர்ல அந்தக் காலத்துலயே காலேஜு" என்றாள்.

அப்பா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "காலேஜுக்கு மூணு ஊரு குடுத்தானுங்க. மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரம் குடுக்க மனசு வரலியே."

அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் ஓடினாள். ஐம்பத்து மூன்று வருஷத்தில் அவள் அவர் எதிரே சிரித்ததை நாங்கள் பார்த்ததில்லை. கொட்டகைக்குள் சிரித்ததை மாடுகள் பார்த்திருக்கும்.

2019இல் அப்பா போனார். மேளக்காரர்களுக்குக் காசு கொடுக்க அம்மா சுருக்குப் பையை எடுத்தாள். வாழ்க்கை முழுக்க நாலணாவைக்கூட இரண்டு தரம் எண்ணியவள், அன்று பையை அப்படியே கவிழ்த்துக் கொடுத்தாள்.

போன ஆகஸ்டில் பேரன் சமூக அறிவியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கீழூர் பாடம்.

"தெரியுமாடா, உள்ள இருந்த அத்தினி பேருக்கும் தண்ணி குடுத்தது உங்க தாத்தாதான்" என்றாள் அம்மா. "அந்த எட்டுப் பேருக்கு மட்டும் குடுக்கல."

தண்ணீர் நிறுத்திய விவரம் அப்பா சொன்ன கதைகள் எதிலும் கிடையாது. நான் எல்லாவற்றையும் கேட்டவன்.

பேரன் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினான். "புஸ்தகத்துல இல்லியே, ஆயா?"

"எழுதனவன் புளியமரத்துல ஏறனானா, கேளு."