பாட்டு தெரியும், பாடியவரைத் தெரியுமா?

கேள்வி: பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், குவீன், பிங்க் ஃப்ளாய்ட். பிரிட்டிஷ் ராக் என்றால் இவ்வளவுதானே? (திருச்சி வாசகர்)

பதில்: கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் தரிசனம் ஆகுமா? ஸ்விண்டன், ஸ்வான்சி, ரெடிங், ஸ்டூர்பிரிட்ஜ், செயின்ட் ஆல்பன்ஸ் என்று சின்னச் சின்ன ஊர்களிலிருந்து கிளம்பிய அபாரமான குழுக்கள் உள்ளே இருக்கின்றன. வாருங்கள், போவோம்.

கேள்வி: ‘உரிய புகழ் கிடைக்காதவர்கள்’ என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? உங்களுக்குப் பிடித்தவர்கள் எல்லோரும் பட்டியலில் சேர்ந்துவிட மாட்டார்களா? (கல்லூரி மாணவி, கோவை)

பதில்: நியாயமான கேள்வி. என்னிடம் இரண்டு நிபந்தனைகள். மற்ற இசைக் கலைஞர்கள் அவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டும், பொதுமக்களுக்கு அவர்கள் பெயர் தெரிந்திருக்கக் கூடாது. இது ஒன்று. அவர்கள் தோற்றதற்கான காரணம் இசைக்கு வெளியே இருக்க வேண்டும். பணம், நேரம், நிறம், ஒப்பந்தம், எதுவானாலும் சரி. இது இரண்டு. இசை சுமாராக இருந்ததால் தோற்றவர்களுக்கு இங்கே இடமில்லை.

கேள்வி: ஒரே ஒரு குழுவைச் சொல்லுங்கள் என்றால்? (மதுரை வாசகர்)

பதில்: தி ஜாம்பீஸ். செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்ப் பையன்கள். 1964-ல் ‘ஷீ இஸ் நாட் தேர்’ பாட்டால் அமெரிக்கா வரை போனவர்கள். விரைவிலேயே வரிசையாகத் தோல்வி. 1967-ல் ஆயிரம் பவுண்டு பட்ஜெட்டில், லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் ‘ஒடெஸி அண்ட் ஆரக்கிள்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். பீட்டில்ஸ் ‘சார்ஜென்ட் பெப்பர்’ முடித்துவிட்டுப் போன சில மாதங்களில் அதே ஸ்டூடியோ. ஜான் லெனன் அங்கே விட்டுப்போன மெல்லோட்ரான் என்ற கருவியைத்தான் குழுவின் கீபோர்டு கலைஞர் ராட் ஆர்ஜன்ட் வாசித்தார். ஸ்டீரியோ வடிவம் வேண்டும் என்று கம்பெனி கேட்டபோது பட்ஜெட் தீர்ந்துவிட்டது. ஆர்ஜன்ட்டும் குழுவின் இன்னொரு உறுப்பினர் கிறிஸ் ஒயிட்டும் சொந்தக் காசைப் போட்டு முடித்துக் கொடுத்தார்கள்.

1968 ஏப்ரலில் ஆல்பம் வந்தபோது குழுவே இல்லை. முந்தைய டிசம்பரிலேயே கலைந்துவிட்டார்கள். பிரிட்டனில் யாரும் சீந்தவில்லை. லண்டன் வந்திருந்த அல் கூப்பர் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் அந்தத் தட்டை வாங்கிக் கேட்டார். ஊர் திரும்பியதும் ‘இதை வெளியிட்டே ஆக வேண்டும்’ என்று தன் கம்பெனியிடம் மன்றாடினார். 1969-ல் ‘டைம் ஆஃப் தி சீசன்’ அமெரிக்காவில் மூன்றாம் இடத்துக்கு ஏறியது. அதைப் பாடிய காலின் பிளன்ஸ்டோன் அதற்குள் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். குழு இல்லாததால் அதே பெயரில் போலிக் குழுக்கள் அமெரிக்காவெங்கும் கச்சேரி செய்து காசு பார்த்தன. 2019-ல்தான் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இவர்களைச் சேர்த்துக்கொண்டது.

கேள்வி: நல்ல பாட்டு எப்படியும் ஜெயித்துவிடும் என்கிறார்களே? (சேலம் வாசகர்)

பதில்: பாட்டு ஜெயிக்கலாம். பாடியவர் அதைப் பார்க்க உயிரோடு இருக்க வேண்டுமே. அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

கேள்வி: மரியா கேரி பாடிய ‘வித்தவுட் யூ’ என் உயிர். அதை எழுதியது யார்? (புதுச்சேரி வாசகி)

பதில்: பேட்ஃபிங்கர் குழுவின் பீட் ஹாமும் டாம் எவன்ஸும். வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியில் தொடங்கிய குழு அது. பீட்டில்ஸ் தொடங்கிய ஆப்பிள் கம்பெனியில் பாடினார்கள். பால் மெக்கார்ட்னி எழுதித் தந்த ‘கம் அண்ட் கெட் இட்’ இவர்களுக்கு முதல் வெற்றி. ‘நோ மேட்டர் வாட்’, ‘டே ஆஃப்டர் டே’ இரண்டும் பீட் ஹாம் எழுதியவை. 1970-ல் வந்த ஆல்பத்தில் ‘வித்தவுட் யூ’ பத்தோடு பதினொன்றாக இருந்தது. அமெரிக்கப் பாடகர் ஹாரி நில்சன் அதைக் கேட்டுத் தன் பாணியில் பாட, 1972-ல் பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதலிடம். 1994-ல் மரியா கேரி பாடி, பிரிட்டனில் மறுபடியும் முதலிடம்.

எழுதியவர்களுக்கு என்ன கிடைத்தது? மோசமான மேலாண்மை ஒப்பந்தமும் காணாமல் போன பணமும். கணக்கில் இருக்க வேண்டிய முன்பணத்தைக் காணவில்லை என்று, ஆப்பிளுக்குப் பிறகு அவர்கள் சேர்ந்த ரெக்கார்ட் கம்பெனி வழக்குப் போட்டது. வெளிவந்து சில வாரமே ஆன ஆல்பத்தைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. 1975 ஏப்ரல் 24 அன்று பீட் ஹாம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மூன்று நாள் கழிந்திருந்தால் 28 வயது. அடுத்த மாதம் அவர் மகள் பிறந்தாள். ராயல்டித் தகராறுகளில் நொந்துபோன டாம் எவன்ஸும் 1983-ல் அதே முடிவைத் தேடிக்கொண்டார். 2013-ல் ஸ்வான்சியில் பீட் ஹாமுக்கு நினைவுப் பலகை வைத்தார்கள். இனி அந்தப் பாட்டைக் கேட்கும்போது இந்த இருவரின் பெயரையும் சொல்லுங்கள். அது நாம் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன்.

கேள்வி: பிரிட்டிஷ் ராக்கில் இந்திய ஓசையைக் கொண்டுவந்தது ஜார்ஜ் ஹாரிசனின் சிதார்தானே? (சென்னை வாசகர்)

பதில்: சிதாரைப் பிரபலமாக்கியவர் அவர். ஆனால் அந்த ஓசை அவருக்கு முன்பே வந்துவிட்டது. பீட்டில்ஸின் ‘நார்வீஜியன் வுட்’ 1965 டிசம்பரில் வந்தது. அதே ஆண்டு ஜூனில், சிதார் போல ஒலிக்கும் கிடாரோடு யார்ட்பேர்ட்ஸ் குழுவின் ஒரு பாட்டு வந்தது. ஜூலையில் கிங்க்ஸ் குழுவின் ‘சீ மை ஃப்ரெண்ட்ஸ்’ வந்தது. ஆஸ்திரேலியா போகும் வழியில் பம்பாயில் தங்கியபோது, விடியற்காலையில் மீனவர்கள் பாடிக்கொண்டே வேலைக்குப் போனதைக் கிங்க்ஸ் பாடகர் ரே டேவிஸ் கேட்டார். அதுதான் அந்தப் பாட்டுக்கு விதை. தம்புராவின் சுருதி போல ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கும் கிடார், மேலே மெதுவாக அலையும் குரல். பிரிட்டிஷ் இசையில் ஒரு கதவைத் திறந்தவர்கள் பம்பாயின் அந்த மீனவர்கள். அவர்கள் பெயர் எந்த ஆல்பத்திலும் இல்லை.

கேள்வி: கிங்க்ஸ் பெரிய குழுவாயிற்றே, அவர்களுக்கு என்ன குறை? (ஈரோடு வாசகர்)

பதில்: ‘யூ ரியலி காட் மீ’ தெரியும் அளவுக்கு அவர்களுடைய தலைசிறந்த ஆல்பம் தெரியாது என்பதுதான் குறை. 1965 முதல் 1969 வரை, இளம் ராக் குழுக்களுக்குப் பொற்காலமான நான்கு ஆண்டுகள், அமெரிக்க இசைக் கலைஞர் சங்கத்தின் தடையால் அங்கே கச்சேரி செய்ய முடியவில்லை. அந்தத் தலைசிறந்த ஆல்பமான ‘வில்லேஜ் கிரீன் பிரிசர்வேஷன் சொசைட்டி’ 1968 நவம்பர் 22 அன்று பிரிட்டனில் வெளியானது. அதே நாளில் பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பமும் வந்தது. முடிந்தது கதை. விற்பனைப் பட்டியலில்கூட இடமில்லை. மறைந்து வரும் கிராமம், பழைய நண்பர்கள், புகைப்படங்கள் என்று, எல்லோரும் புரட்சி பேசிய ஆண்டில் இவர்கள் நினைவுகளைப் பாடினார்கள். அந்தத் துணிச்சலுக்காகவே முழுதாகக் கேளுங்கள்.

கேள்வி: மேடையேறாத குழு ஒரு குழுவா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: எக்ஸ்.டி.சி.யைக் கேட்டால் இந்தக் கேள்வியே வராது. ரயில்வே தொழிற்கூடங்களால் வளர்ந்த ஸ்விண்டன் நகரத்துக்காரர்கள். மகனின் வாழ்க்கையை, வேலை உட்பட, பெற்றோரே முடிவு செய்துவிடுவதைப் பற்றிய ‘மேக்கிங் பிளான்ஸ் ஃபார் நைஜல்’ 1979-ல் வந்தது. நம் வீடுகளுக்கும் பொருந்தும். பாடகர் ஆண்டி பார்ட்ரிட்ஜுக்குப் பதற்ற நோய் முற்றி, 1982-ல் பாரிஸ் மேடையிலிருந்து பாதியில் இறங்கினார். அந்த ஆண்டோடு சுற்றுப்பயணம் நின்றது. அதன் பிறகுதான் அவர்களுடைய மிகச் சிறந்த இசை பிறந்தது. 1986-ல் வந்த ‘ஸ்கைலார்க்கிங்’, ஒரு கோடைக்காலப் பகல் விடிந்து அடங்குவதுபோல் கோக்கப்பட்ட ஆல்பம். 1990-களில் ஒப்பந்தம் அநியாயமானது என்று சொல்லி, பாட்டே பதிவு செய்யாமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். விடுதலை பெற்று 1999-ல் ‘ஆப்பிள் வீனஸ்’ தந்தார்கள். கச்சேரி இல்லாவிட்டால் விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லாவிட்டால் புகழ் இல்லை. மனிதனின் உடல்நலத்துக்கு இடம் தராத தொழிலின் குற்றம் அது.

கேள்வி: பெண்கள் குழு? (ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: தி ரெயின்கோட்ஸ். லண்டன் ஓவியக் கல்லூரி மாணவிகள் அனா ட சில்வாவும் ஜீனா பெர்ச்சும் 1977-ல் தொடங்கினார்கள். 1979-ல் முதல் ஆல்பம். பங்க் இசையின் முரட்டுத்தனத்துக்கு நடுவே வயலினைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1992-ல், நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் தேய்ந்துபோன தன் தட்டுக்கு மாற்றுத் தேடி லண்டன் கடையேறினார். அனா ஒரு பழம்பொருள் கடையில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டு நேரில் போய்ப் பார்த்தார். மறுவெளியீட்டுக்கு முன்னுரை எழுதித் தந்தார். உலகமே தன் தட்டைத் தேடிய காலத்தில் கோபேன் தேடியது இந்தத் தட்டை.

கேள்வி: கறுப்பினத்தவரின் குழு எதுவும் பிரிட்டனில் இல்லையா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: சிமாண்டே. கயானா, ஜமைக்கா முதலிய நாடுகளிலிருந்து லண்டனில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் 1971-ல் சேர்ந்த குழு. சோல், ஃபங்க், ரெகே, கலிப்சோ எல்லாம் ஒரே பாத்தியில். 1972-ல் முதல் ஆல்பம் வந்ததும் அமெரிக்கா வரவேற்றது, நியூயார்க்கின் அப்பல்லோ அரங்கில் வாசித்தார்கள். வீடு திரும்பினால் பிரிட்டிஷ் வானொலியும் அரங்குகளும் கண்டுகொள்ளவில்லை. சில ஆண்டுகளில் ஓய்ந்தார்கள். குழுவைத் தொடங்கிய பேட்ரிக் பேட்டர்சனும் ஸ்டீவ் சிபியோவும் சட்டம் படித்து வக்கீல்கள் ஆனார்கள்.

ஆனால் நியூயார்க்கின் டி.ஜே.க்கள் அந்தத் தட்டுகளைக் கைவிடவில்லை. ஹிப்-ஹாப் பிறந்த விருந்துகளில் ‘ப்ரா’ பாட்டு சுழன்றது. டி லா சோல், ஃபியூஜீஸ் போன்றவர்கள் சிமாண்டேயின் இசையை எடுத்துத் தங்கள் பாட்டில் சேர்த்தார்கள். குழு மீண்டும் கூடி மேடையேறியது. பிரிட்டனின் மிகப் பெரிய இசைப் புறக்கணிப்பு எது என்று கேட்டால் என் பதில் இதுதான்.

கேள்வி: ஹெவி மெட்டலில்? (பொறியியல் மாணவர், வேலூர்)

பதில்: ஸ்டூர்பிரிட்ஜின் டயமண்ட் ஹெட். 1980-ல் கம்பெனி ஆதரவில்லாமல், வெறும் வெள்ளை உறையில் ஆல்பம் போட்டு அஞ்சலில் விற்றார்கள். அதைக் கேட்டுக் கிறங்கிய லார்ஸ் உல்ரிக் என்ற பதினேழு வயதுப் பையன், 1981-ல் கலிபோர்னியாவிலிருந்து விமானம் ஏறி வந்து கச்சேரி பார்த்தான். அவர்கள் வீட்டிலேயே தங்கினான். ஊர் திரும்பி அவன் தொடங்கிய குழுவின் பெயர் மெட்டாலிகா. ‘ஆம் ஐ ஈவில்?’ பாட்டை அவர்கள் மறுபதிவு செய்தபோது எழுதியவர்களின் பெயரையும் போட்டார்கள், ராயல்டியும் போய்ச் சேர்ந்தது. பேட்ஃபிங்கர் கதையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஆஷா போஸ்லேவைப் பற்றி ஒரு ஆங்கிலப் பாட்டு இருக்கிறதாமே? (கும்பகோணம் வாசகி)

பதில்: இருக்கிறது. இளையராஜா இசையில் தமிழிலும் பாடிய அதே ஆஷாதான். கார்னர்ஷாப் குழுவின் ஜிந்தர் சிங் எழுதிய ‘பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா’ 1997-ல் வந்தது. அடுத்த ஆண்டு டி.ஜே. நார்மன் குக் வேகம் கூட்டிச் செய்த ரீமிக்ஸ் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அந்த ஒரு ரீமிக்ஸோடு அவர்களை முடித்துவிட்டார்கள் என்பதே என் வருத்தம். அதே ஆல்பத்தில் ‘நார்வீஜியன் வுட்’ பாட்டைப் பஞ்சாபியில் பாடியிருக்கிறார்கள். பம்பாயிலிருந்து போன ஓசை முப்பது ஆண்டு கழித்து இந்திய மொழி பேசிக்கொண்டு திரும்பி வந்ததைக் கேளுங்கள்.

கேள்வி: விமர்சகர்களை நம்பலாமா? (கரூர் வாசகர்)

பதில்: ஸ்லோடைவ் நம்பியிருந்தால் கிடாரை விற்றிருப்பார்கள். ரெடிங் நகரத்து இளைஞர்கள். 1993-ல் வந்த ‘சூவ்லாக்கி’ ஆல்பத்தைப் பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் குதறின. 1995-ல் கம்பெனி கைகழுவியது. 2014-ல் மீண்டும் சேர்ந்தபோது முன்வரிசையில் நின்றவர்களில் பலர், அந்த ஆல்பம் வந்தபோது நடக்கப் பழகிக்கொண்டிருந்தவர்கள். 2023-ல் அவர்களுடைய புதிய ஆல்பம் பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்தது. விமர்சகர் சொல்வதைப் படியுங்கள். முடிவைக் காதிடம் விடுங்கள்.

கேள்வி: எங்கிருந்து தொடங்குவது? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: இந்த வரிசையில் கேளுங்கள்: ஒடெஸி அண்ட் ஆரக்கிள், வில்லேஜ் கிரீன், சிமாண்டேயின் முதல் ஆல்பம், ஸ்கைலார்க்கிங், சூவ்லாக்கி. ஒரு வாரத்துக்கு ஒன்று, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, தாவாமல்.

கேள்வி: கேட்டு என்ன ஆகப்போகிறது? காலம் கடந்துவிட்டதே! (விழுப்புரம் வாசகர்)

பதில்: மேலே சொன்ன கதைகளை மறுபடி பாருங்கள். ஜாம்பீஸை மீட்டவர் ஓர் அல் கூப்பர். ரெயின்கோட்ஸுக்கு ஒரு கோபேன். டயமண்ட் ஹெட்டுக்கு ஒரு பதினேழு வயது ரசிகன். சிமாண்டேக்குச் சில டி.ஜே.க்கள். கம்பெனியும் பத்திரிகையும் கைவிட்ட இசையை ஒவ்வொரு முறையும் காப்பாற்றியது, கேட்டதோடு நிற்காமல் அடுத்தவரிடம் சொன்ன ஒரு ரசிகர்தான். நான் வரிசைப்படுத்திய ஐந்து ஆல்பங்களில் ஒன்று உங்களுக்குப் பிடித்துப்போனால், முடிந்தால் காசு கொடுத்து வாங்குங்கள். கட்டாயம் இன்னொருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். பாட்டின் பெயரோடு, எழுதியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.