வரம் கேட்கும் வக்கீல்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிற மேஜைகளில் இவரை அடிக்கடி பார்க்கலாம். ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார்; டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். மற்றவர்கள் மந்திரவாதி, திருடன், குள்ளன் என்று ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, இருபது பக்க டைஸை உருட்டி, டிராகனிடம் அடி வாங்குவார்கள். நம்மவர் அடிப்பதும் இல்லை, அடி வாங்குவதும் இல்லை. நோட்டில் எதையோ எழுதி எழுதி அடித்துக்கொண்டிருப்பார். குள்ளன் உயிருக்குப் போராடும் நேரத்தில் தலையை நிமிர்த்தி, "‘நிரந்தரமாக’ன்னு போட்டா போதுமா, ‘நிரந்தரமாகவும் நிபந்தனையின்றியும்’னு போடணுமா?" என்று கேட்பார்.

விஷயம் இதுதான்: அவர் விரலில் மூன்று வரம் தரும் மோதிரம் இருக்கிறது. ஆட்டத்தின் கணக்கில் பல மாதங்களாக இருக்கிறது. ஒரு வரம்கூடச் செலவாகவில்லை.

ஆட்டத்தில் வரம் என்பது ‘விஷ்’ என்ற ஒன்பதாம் நிலை மந்திரம். அதற்கு மேல் நிலை கிடையாது. இப்போதைய ஐந்தாம் பதிப்பில் இதற்கு ஒரு ரேஷன் கடைப் பட்டியல் உண்டு. எட்டாம் நிலை வரையுள்ள மந்திரம் எதையும் இதைக்கொண்டு நிகழ்த்தலாம். இருபது பேருடைய காயத்தை ஒரே நொடியில் ஆற்றலாம். 25,000 பொற்காசு பெறுமான பொருள் ஒன்றை வரவழைக்கலாம். அது எந்தப் பக்கமும் 300 அடியைத் தாண்டக்கூடாது, மந்திரப் பொருளாகவும் இருக்கக்கூடாது. கார்டுக்கு உண்டானதை வாங்கிக்கொண்டு போகிறவர்களிடம் டிஎம் வம்புக்கு வரமாட்டார். அதற்கு மேல் ஆசைப்பட்டால், சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பதை டிஎம் முடிவுசெய்வார். இன்னொரு மந்திரத்தை நிகழ்த்துவதைத் தவிர வேறு எதைக் கேட்டாலும், மந்திரத்தைத் தானே ஓதியவருக்கு உடல்வலு மூன்றாகச் சுருங்கி, சில நாளைக்கு வாளைத் தூக்கவே ஆள் தேவைப்படும். வாழ்நாளில் மறுபடி இந்த மந்திரத்தை ஓதவே முடியாமல் போவதற்கும் 33 சதவீத வாய்ப்பு உண்டு.

குறும்பு செய்ய விதிப்புத்தகமே டிஎம்முக்குக் கற்றுக்கொடுக்கிறது. வில்லன் சாக வேண்டும் என்று கேட்டால், அவன் செத்துப்போன பிற்காலத்துக்கு உங்களைத் தூக்கிப் போடலாமாம். புகழ்பெற்ற மந்திர வாள் வேண்டும் என்று கேட்டால், வாளின் சொந்தக்காரர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தலாமாம். வாள் அவர் கையில் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நம்மவர் இனம் இன்று நேற்று முளைத்ததல்ல. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் இந்த ஆட்டத்தின் முதல் பதிப்பை விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவிலிருந்து வெளியிட்டபோதே இவர்களை எதிர்பார்த்திருக்கிறார்கள். மூன்று வர மோதிரம் அதிலேயே இருக்கிறது. பேராசைக்காரர் ஒரு வரத்தைக்கொண்டு இன்னும் நிறைய வரம் கேட்பார், அப்படிக் கேட்டால் மோதிரம் கையில் கிடைத்த அந்தக் கணத்துக்கே திருப்பி அனுப்பி, முடிவில்லாத காலச் சுழலில் விட்டுவிடுங்கள் என்று நடுவருக்குக் குறிப்பும் இருக்கிறது. அதாவது மோதிரம் கிடைக்கும், கேட்பார், மறுபடி கிடைக்கும், மறுபடி கேட்பார். நம்மவரைக் கேட்டால் இதில் தண்டனை எங்கே இருக்கிறது என்பார்.

அப்புறம் வந்தவர்களும் ஆளுக்கொரு கடிவாளம் போட்டுப் பார்த்தார்கள். 1989-இன் இரண்டாம் பதிப்பில் வரம் கேட்கும் மந்திரவாதிக்கு ஐந்து வயது கூடிவிடும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் பாடுபட்டுச் சேர்த்த அனுபவப் புள்ளிகளில் 5,000 கழியும். உடனே நம்மவர்கள் புத்தகத்தைப் புரட்டி, எஃப்ரீத் என்ற நெருப்புப் பூதம் தினம் மூன்று வரம் தரும், அதற்குப் புள்ளி எதுவும் கழியாது என்று கண்டுபிடித்தார்கள். அப்புறம் என்ன, பூதத்தை வரவழைத்துக் கட்டிப்போட்டுத் தினப்படி கறந்தார்கள். 2008-இன் நான்காம் பதிப்பில் மந்திரத்தையே காணோம். காரணம் என்னவோ, நம்மவர் அதைத் தன் சொந்த வெற்றியாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இவரிடம் ஒருமுறை இரணியன் கதையைச் சொன்னேன். பகலில் சாகக்கூடாது, இரவில் சாகக்கூடாது, உள்ளே, வெளியே, மனிதனால், மிருகத்தால் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். கட்சிக்காரர் தோற்ற வழக்கைக் கேட்கிற வக்கீல்போல் உச்சுக் கொட்டினார். "பட்டியல் போட்டவன் கடைசியில ‘இவை உள்ளிட்ட, ஆனால் இவற்றோடு நில்லாத’ன்னு ஒரு வரி சேர்த்திருக்கணும்" என்றார். பிரகலாதனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேஜையில் வேறு ரகங்களும் உண்டு. கோபுரத்தின் ஆறாம் மாடியில் பூதங்கள் துரத்தும்போது, "இங்கேர்ந்து வெளியே போனாப் போதும்டா சாமி" என்று வாய்தவறிச் சொல்லி, ஆறாம் மாடி உயரத்திலேயே வெளியே போனவர்கள். செத்துப்போன பொதிகழுதைக்கு உயிர் வேண்டும் என்று கேட்டு, மேஜையையே கண்கலங்க வைத்தவர்கள். கழுதைக்காரர்களுக்கு எந்த டிஎம்மும் வில்லங்கம் செய்து நான் பார்த்ததில்லை. கழுதை எழுந்து வாலை ஆட்டிவிடும். ஓட்டையே இல்லாமல் எழுதிக்கொண்டு வருகிறவரைப் பார்த்தால்தான் டிஎம்மின் கை துறுதுறுக்கிறது. பூட்டு பெரிதாக ஆக ஆக அவருக்கு ஆசையும் பெரிதாகிறது.

கடைசியில் அந்த நாள் வந்தது. குள்ளன் போய்விட்டான், திருடன் போய்க்கொண்டிருந்தான், டிராகன் வாயைத் திறந்துவிட்டது. நம்மவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, டைப் செய்த மூன்று பக்கத்தைப் பிரித்தார். முன்னுரை, வரையறைகள், விலக்குகள், இணைப்பு ‘அ’. டிஎம் எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து ஸ்டாப்வாட்சைத் திறந்தார்.

"சண்டையில ஒரு ரவுண்டு ஆறு விநாடி. வரத்தை வாய்விட்டுச் சொல்லணும். ஆரம்பி."

நம்மவர் பதறிப்போய் முதல் வரியிலிருந்து படித்தார்: "இந்தச் சாசனத்தில் இனி விருப்பதாரர் என்று அழைக்கப்படும் நான்..."

"போதும், தந்தாச்சு" என்றார் டிஎம்.

திருடன் சாகும்போது "என்னைக் காப்பாத்துங்க, விருப்பதாரரே" என்றான். டிராகன் "வாரும் விருப்பதாரரே" என்றது. தப்பித்து ஊர் திரும்பினால், சத்திரக்காரர் ரசீதில் விருப்பதாரர் என்று எழுதினார். பெற்ற தாய்க்கும் பிள்ளையின் பழைய பெயர் ஞாபகம் இல்லை. எங்கள் யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நம்மவர் சிரிக்கவில்லை. மோதிரத்தில் இன்னும் இரண்டு வரம் பாக்கி இருக்கிறது. நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, மேலே கொட்டை எழுத்தில் ‘பிழைத்திருத்தல் பத்திரம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார்.