ஏடு தொடாத நாள்

வருஷத்தில் 364 நாட்கள் ஒரு புஸ்தகத்தையும் தொடாமல் இருந்துவிடும் மனோதிடம் எனக்கு உண்டு என்பதற்கு, என் அலமாரியில் படிந்திருக்கும் தூசியே சாட்சி. ஆனால் நவராத்திரியின் ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜை வந்து, ‘இன்று யாரும் ஓர் எழுத்துக்கூடப் படிக்கக் கூடாது’ என்று வீட்டில் உத்தரவு பிறந்துவிட்டால், அந்த க்ஷணமே எனக்கு உண்டாகும் வாசிப்பு வேட்கையை மகாவித்வான்களாவது அநுபவித்திருப்பார்களா என்பது சந்தேகந்தான்.

அன்று ஆபீஸ் கிடையாது. சர்க்கார் அந்த விடுமுறையை 1881-ஆம் வருஷத்துச் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கிறது. செக்குக்கும் புரோநோட்டுக்கும் ஏற்பட்ட, அதாவது லக்ஷ்மியின் காரியத்துக்கான சட்டத்தைக் கொண்டு சரஸ்வதிக்கு ஓய்வு! மாமியார் மருமகளுக்குச் செய்த உபகாரம் என்று இதை ஒன்றைத்தான் சொல்லலாம்.

ஓய்வு கிடைத்து என்ன பயன்? என் மகன், எங்கே யாராவது எடுத்துவிடுவார்களோ என்று கணக்குப் புஸ்தகத்தை எல்லாவற்றுக்கும் அடியில் பத்திரமாக வைத்தான். அதன்மேல் மற்றவற்றை அடுக்கிப் பட்டுத்துணி போர்த்திய என் மனைவி, பேனாவோடு நில்லாமல் என் மூக்குக்கண்ணாடியையும் ஆயுதமென்று கருதிச் சந்தனப் பொட்டிட்டு வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு இளைஞனின் பிடிலும் அன்று பூஜையில் இருந்தது. அந்த வகையில் எங்கள் தெரு கலைமகளுக்குக் கடமைப்பட்டது.

இந்த நிலையில்தான் பொரி கட்டிவந்த காகிதம் கண்ணில் பட்டது. ஏதோ வாரப் பத்திரிகையின் கிழிந்த ஏடு, தொடர்கதை. கொல்லைக் கிணற்றடிக்குப் போய், கண்ணாடியில்லாக் குறைக்குக் கையை முழுநீளம் நீட்டிப் பிடித்துக்கொண்டு, வெல்லப் பிசுக்கில் மறைந்த எழுத்துக்களை ஊகித்து ஊகித்துப் படித்தேன்.

“அங்கே என்ன செய்கிறீர்கள்?”

“பொரி நமுத்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.”

“பொரி இங்கே அல்லவா இருக்கிறது?”

மறுநாள் விஜயதசமி, படித்தே தீரவேண்டிய நாள். அச்சாபீஸ்காரர்களும் முதல்நாள் யந்திரங்களுக்குப் பூஜை போட்டுவிட்டுப் போய்விடுவதால் செய்தித்தாள் வரவில்லை. பிரசாதம்போல் கையில் கொடுக்கப்பட்ட புஸ்தகத்தை ஈசிசேரில் சாய்ந்து பிரித்தவன், இரண்டாம் பக்கத்தில் உறங்கிவிட்டேன்.

கிணற்றடிக் கதையில், கதாநாயகி ரயிலடியில் நிற்கிறாள், வண்டி ஊதிவிட்டது, அவன் இன்னும் வரவில்லை. அந்த இடத்தில் காகிதம் கிழிந்திருக்கிறது. மிச்சத்தைப் படித்தவர்கள் யாராவது இருந்தால், அவள் வண்டி ஏறினாளா என்று மட்டும் ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.