எந்தப் பழம் வாங்கிட்டுப் போறது?

வேலையை விட்டுத் தூக்கிய முதலாளியிடமே திரும்பிப் போய் 'இன்னொரு சான்ஸ் கொடுங்க' என்று எப்படிக் கேட்பது? இதில் எனக்குத் திட்டவட்டமான கருத்து ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஏறின எரிச்சல் இன்னும் இறங்கவில்லை. முதலில் அதை இறக்கி வைத்துவிடுகிறேன்.

என் மச்சினன் மகனைக் கம்பெனியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி. வேலை போனது அவனுக்கு. பேச வந்ததோ அவனைத் தவிர மொத்தக் குடும்பமும். அவன் சோபா ஓரத்தில் காலை மடக்கி உட்கார்ந்து, செல்போனில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். ஓவர் முடியும்போது மட்டும் நிமிர்ந்து, பக்கத்து வீட்டுத் தகராறை வேடிக்கை பார்க்கிறவன் மாதிரி எங்களைப் பார்த்தான்.

"ஒரே ஒரு லெட்டர்தானுங்க மாமா. உங்களுக்குத்தான் அனுபவம் இருக்குதே" என்றான் மச்சினன்.

அனுபவம் என்று அவன் சொன்னது 2003-ஐ. அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் சுமார் 1,70,000 பேரை ஜெயலலிதா அரசு ஒரே மூச்சில் டிஸ்மிஸ் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிபந்தனையற்ற மன்னிப்பு, நடத்தை விதி 22-ஐ இனி மீற மாட்டேன் என்ற உறுதிமொழி, இரண்டையும் எழுதிக் கொடுத்தால், வழக்கில் மாட்டியவர்கள் போக மற்றவர்களைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவானது. எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் அத்தனை பேர் சேர்ந்தாற்போல் இரண்டாவது வாய்ப்புக் கேட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் அப்போது டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தேன். கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது டெல்லியிலேயே முடிவாகிவிட்டது. ஆனாலும் ஒரு தலைமை எழுத்தர் மட்டும் 'மன்னிப்புக் கோருகிறேன்' வேண்டாம், 'வருந்துகிறேன்' என்று போடு என்று மத்தியானம் வரை என்னோடு மல்லுக்கட்டினார். கடைசியில் மன்னிப்புக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்றாவது வரியில் ஒற்றுப்பிழை இருக்கிறது என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. வேலை போனவர் அவர், பேசினவரும் அவரேதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். லெட்டரை எடுத்தேன். பெறுநர், பொருள் எல்லாம் போட்டாயிற்று. "எதுக்குப்பா தூக்கினாங்க?" என்றேன். வீடே நிசப்தம். "அதை எதுக்குங்ணா லெட்டர்ல எழுதிக்கிட்டு? பொதுவா எழுதுங்க" என்றாள் மச்சினன் மனைவி. என்ன செய்தான் என்று சொல்லாமலே அதற்கு மன்னிப்புக் கேட்பதில் நம்மை அடிக்க ஆளில்லை.

இதற்குள் யாரோ "வெறுங்கையோட போகக்கூடாது" என்றார்கள். தீர்ந்தது. அதற்கப்புறம் அந்த வீட்டில் லெட்டரை யாரும் சீந்தவில்லை. எந்தப் பழம் வாங்கிட்டுப் போறது?

ஆப்பிள் என்றார் பெரியவர். ஆப்பிள் ஆஸ்பத்திரிப் பழம். அதைப் பார்த்ததும் எம்.டி. தனக்கு என்னவோ என்று கலங்கிப் போவார். சாத்துக்குடி? அதுவும் ஆஸ்பத்திரிதான், போதாக்குறைக்கு உண்ணாவிரதத்தை முடித்து வைக்கிற பழம், போராட வந்திருக்கிறான் என்று நினைத்துவிடுவார். எலுமிச்சை? ஜனவரி ஒன்றாம் தேதி என்றால் மரியாதை, மற்ற நாளில் செய்வினை. வாழைப்பழம் வாங்கினால் வெற்றிலை பாக்கு இல்லாமல் தட்டு நிறையாது. வெற்றிலை பாக்கு வைத்தால் எம்.டி.க்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். மாம்பழம்? அவருக்கு இரண்டு மகன்கள், கம்பெனி யாருக்கு என்று ஏற்கெனவே முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு மாம்பழத்தால் ஒரு பிள்ளை கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன ஊர் இது. பலாவைத் தூக்கிக்கொண்டு செக்யூரிட்டியைத் தாண்ட முடியாது. டிராகன் ஃப்ரூட்? சம்பளம் இல்லாதவனுக்கு டிராகன் ஃப்ரூட் வாங்கப் பணம் ஏது என்று கேள்வி வரும். பேரீச்சை நல்லது, இரும்புச்சத்து என்றாள் என் மனைவி. இரும்பிலேயே தொழில் செய்கிறவரிடம் பேரீச்சம்பழத்தை நீட்டினால், 'உன் ஃபேக்டரியைப் பழைய இரும்புக்குப் போடு' என்று சொல்வதாக ஆகாதா? கொய்யா என்று நான்தான் வாயை விட்டேன். பையன் சட்டென்று செல்லிலிருந்து தலையைத் தூக்கி, "கொய்யா மட்டும் வேண்டாம் மாமா" என்றான். அன்று முழுக்க அவன் சொன்ன ஒரே வாக்கியம் அது. சூப்பர்வைசரை அவன் என்ன சொல்லித் திட்டியிருப்பான் என்று அப்போதுதான் எனக்கு லேசாக விளங்கியது.

நடுவில் மச்சினன் ஸ்டீவ் ஜாப்ஸை இழுத்தான். "1985-ல வெளிய அனுப்பினாங்க, 1997-ல அவங்களே திரும்பச் சேத்துக்கலையா?" சேர்த்துக்கொண்டார்கள். அவர் பழம் வாங்கிக்கொண்டு போகவில்லை, கம்பெனியே பழம். அது மட்டுமில்லை, இடைப்பட்ட வருஷங்களில் நெக்ஸ்ட் என்று இன்னொரு கம்பெனி நடத்தி, அதை ஆப்பிளே விலைக்கு வாங்கும்படி செய்தார். நம் பையன் இடைப்பட்ட வாரங்களில் இரண்டு சீரிஸ் முடித்திருக்கிறான். சாம் ஆல்ட்மேனையும் விடவில்லை. ஓப்பன் ஏஐ அவரை 2023 நவம்பரில் தூக்கிவிட்டு, ஒரு வாரத்துக்குள் திரும்ப அழைத்தது வாஸ்தவம்தான். அவருக்காக 700-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இவனுக்காகக் கேன்டீன் மாஸ்டரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பழைய டீ பாக்கி எவ்வளவு என்பதைத்தான் அவர் எழுதிக் காட்டினாராம்.

எனக்கு எரிச்சல் பையன்மேல் இல்லை. எம்.டி.யோடு வாக்கிங் போகிறவரின் சகலை, எம்.டி. வீட்டு டிரைவர், கோயில் தர்மகர்த்தா என்று தூதுக்கு ஆள் பிடித்தார்களே, அதில் ஒருவருக்காவது இவன் அங்கே என்ன வேலை பார்த்தான் என்று தெரியாது. எனக்கும் தெரியாது. "அந்த பம்பு பார்ட்டு" என்று கையைச் சுழற்றிக் காட்டுகிறான் அப்பன்காரன். நாளைக்கு எம்.டி. 'இவனைத் திரும்ப எடுத்து எங்கே உட்கார வைக்கிறது?' என்று கேட்டால், நாங்கள் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து கையைத்தான் சுழற்ற வேண்டும்.

சரி, நான் சொல்ல வந்த கருத்து. இரண்டாவது வாய்ப்புக் கேட்கப் போகிறவன் முதலில்...

மன்னிக்கவும், மச்சினன் லைனில் வந்துவிட்டான். எம்.டி.க்குச் சுகர் இருக்கிறதாம், டிரைவர் சொன்னாராம். பழம் மொத்தமும் ரத்து. முந்திரி, பாதாம் பாக்கெட்டாகக் கொடுக்கலாம் என்று பேச்சு. பாதாமை ஊற வைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியவர் வீடியோ போட்டிருக்கிறார்.