சுருக்குவிசைப் பட்டறைக்கு ஒரு பாயிரம்

சிறப்புப் பாயிரத்துக்கு எட்டு உறுப்பு என்றார் நன்னூல் செய்த பவணந்தி முனிவர். காலம், களம், காரணம் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உண்டு என்றார். கோட் எடிட்டரில் விரைந்து வேலை செய்யப் பழக்கும் செய்முறைப் பட்டறை ஒன்றைச் சேலம் சூரமங்கலத்தில் கூட்ட நினைப்பவருக்கும் இவையே வழிகாட்டி என்பது இவ்வாய்வின் கருதுகோள். ‘ஆக்கியோன் பெயர்’ இங்கே விரிக்கப்படவில்லை. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று அழைப்பிதழே அதைப் பார்த்துக்கொள்ளும். எல்லை, யாப்பு முதலியன பக்க அளவு கருதி விடப்பட்டன.

வழி

முதல்நூல், 1976ல் பில் ஜாய் எழுதிய விஐ எடிட்டர். அவர் உட்கார்ந்த ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகள் அச்சாகியிருந்தன. முனையம் போய்விட்டது, அந்த நான்கு எழுத்தும் போகவில்லை. 1991ல் பிராம் மோலனார் வெளியிட்ட விம் வழிநூல். 2015ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த விஎஸ் கோட் சார்புநூல். விமிலிருந்து வெளியே வருவது எப்படி என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒருவர் கேட்ட கேள்வியை, 2017க்குள் 10 லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருந்தார்கள். முதல் பாடம் எதுவாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

காலமும் களமும்

ஞாயிறு மாலை ஆகாது. பாதிப் பேர் பெங்களூர் வண்டிக்கு நிற்பார்கள். இரவும் ஆகாது, மீதிப் பேர் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவார்கள். சேலம் ஜங்ஷனைச் சூரமங்கலத்திலேயே வைத்திருப்பதன் விளைவு இது. எனவே சனிக்கிழமை காலை. அரங்குக்கு ஏசி தேவையா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேவை என்பதில் இல்லை. ‘ஃபுல் சார்ஜ் சார்’ என்று சொல்லிக்கொண்டு வரும் லேப்டாப், வரவேற்புரை முடிவதற்குள் சிவப்பு காட்டும்.

கேட்போர்

நன்னூலார் மாணாக்கரை எட்டு வகையாக்கினார். அவர் கணிப்பு இன்றும் தப்பவில்லை. பசு, கிடைத்ததையெல்லாம் குறித்துக்கொண்டு வீட்டில் போய் அசைபோடும். கிளி, ‘கன்ட்ரோல் ஷிஃப்ட் பி’ என்று திருப்பிச் சொல்லும். கை மவுஸில் இருக்கும். ஆடு, எக்ஸ்டென்ஷன் ஒவ்வொன்றாக இறக்கி எதையும் முழுதாக மேயாது. எருமை, ‘விம் நல்லதா, ஈமேக்ஸ் நல்லதா?’ என்று கேட்டுக் குளத்தைக் கலக்கும். பன்னாடை, கற்றதையெல்லாம் ஒழுகவிட்டுக் கறுப்பு ‘தீம்’ மட்டும் தேக்கிக்கொள்ளும். அன்னத்தை முன்பதிவில் அடையாளம் காண வழியில்லை.

நுதலிய பொருள்

40 சுருக்குவிசை அச்சிட்ட தாளைக் கொடுத்தால் அது விசிறியாகும். மூன்று போதும்: கோப்பைத் திறக்கக் கன்ட்ரோல் பி, அதே சொல்லை அடுத்தடுத்துப் பிடிக்கக் கன்ட்ரோல் டி, பெயர் மாற்ற எஃப்2. சம்பளக் கணக்குப் போடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்றில், மாறியின் பெயரிலேயே எழுத்துப் பிழை. 12 இடத்தில் வருகிறது. வழக்கமான முறை: தேடு, இரட்டைக் கிளிக், திருத்து, உருட்டு. 11ஆவது இடத்தில் யாரோ ‘டீ வந்தாச்சு’ என்பார். 12ஆவது இடம் திங்கட்கிழமை எர்ரராக வரும். விஎஸ் கோடில் பெயர்மேல் கர்சரை வைத்து எஃப்2, புதுப் பெயர், என்டர், தீர்ந்தது.

ஆனால் பலருக்குப் பெயர் மாறாது, ஸ்பீக்கர் சத்தம்தான் குறையும். லேப்டாப் செய்தவர்கள் அந்த வரிசையை ஒலிக்கும் ஒளிக்கும் கொடுத்துவிட்டதால் எஃப்என் விசையும் சேர வேண்டும். ஸ்லைடில் இது வராது. விரல் வைத்த பிறகே தெரியும். அப்போது ‘தள்ளுங்க, நான் பண்றேன்’ என்று சொல்லித்தருபவர் லேப்டாப்பை வாங்கிவிட்டால் பட்டறை சொற்பொழிவாகிவிடும். சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பழக வந்தவனைத் திட்டினாலும், வேலையை அவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் திட்டுவார்கள்.

பயன்

மிச்சமாகும் விநாடிகளைக் கூட்டி மணிக்கணக்கில் காட்டுவது மரபு. அப்படி மிச்சமான மணியைச் செலவழித்தவர் யாருமில்லை. உண்மைப் பயன் ஒன்றுதான்: கை மவுஸைத் தேடிப் போகாததால், யோசித்துக்கொண்டிருந்த வரி மறக்காமல் இருக்கும். இதைச் சோதிக்க, அடுத்த சனிக்கிழமை அதே ஆட்களைக் கூட்டி வேறொரு பிழை நிரலைக் கொடுத்து, கை முதலில் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். வருவார்களா என்பதே சிக்கல். ஆகவே சான்றிதழை முதல் சனிக்கிழமை கொடுக்கக் கூடாது.