பேப்பர் எங்கீங்க போகும்?

புதுச்சத்திரத்தில் வாடகைக்கு வீடு தேடி வருகிறவர் புரோக்கரைத் தேட வேண்டியதில்லை. சேலம் – நாமக்கல் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியைக் கீழே வைத்து, வலமும் இடமும் ஒரு பார்வை பார்த்தால் போதும். டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வருவார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. இரண்டும் எழுதாது.

“வூடுங்களா சார்? காலேஜுங்களா, பண்ணைங்களா?”

இந்த ஒரு கேள்வியில் முழு விசாரணையும் முடிந்துவிடும். காலேஜ் என்றால் பாச்சல் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் ஏதோ ஒன்றுக்கு வேலைக்கு வந்த ஆசிரியர். ஜூனில் வருவார், மே மாதம் போனாலும் போவார். பண்ணை என்றால் கோழித் தீவனக் கம்பெனியின் சூப்பர்வைசர், அல்லது மருந்து விற்க வந்தவர். மாதத்தில் பாதி நாள் வீடு பூட்டியே கிடக்கும். பூட்டிய வீட்டுக்கு வாடகை கொடுப்பவரைவிட நல்ல குடித்தனக்காரர் உண்டா? ஆகவே பண்ணைக்காரருக்கு மாடி வீடு, வாத்தியாருக்குச் சந்து வீடு.

அவரைப் புரோக்கர் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. “புரோக்கருங்கறதெல்லாம் சேலத்துலங்க. நான் சும்மா தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்களக் காட்டி உடறதுங்க” என்பார். காட்டி விடுவதற்குக் கூலி ஒரு மாத வாடகை. வீட்டுக்காரர் பாதி, குடி வருகிறவர் பாதி என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்வார். இரண்டு பேரிடமும் தனித்தனியாக முழுசாகவும் வாங்குவார். அவர்கள் சந்தித்துக் கணக்குப் பார்ப்பதற்குள் அந்த வருஷம் முடிந்துவிடும். நாம் அவரை அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. தவிர, இவர் ஒரே ஆள் இல்லை. ஆண்டகளூர் கேட்டில் ஒருவர், ராசிபுரத்தில் நாலைந்து பேர், நாமக்கல்லில் தெருவுக்கு ஒருவர் என்று இந்த வட்டாரம் முழுக்க அண்ணன் நிறைந்திருக்கிறார்.

அண்ணனின் ஞாபக சக்தியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம். காவிரித் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எந்த வீட்டு போர் சித்திரையில் வற்றும், எந்த வீட்டு ஈபி கணக்கு இன்னும் செத்துப்போன தாத்தா பேரில் இருக்கிறது, எல்லாம் நுனிநாக்கில். நாடெங்கும் முட்டை அனுப்புகிற இந்த வட்டாரத்தில், அடுப்படியில் முட்டை உடைக்கக் கூடாது என்று கண்டிஷன் போடுகிற வீடு எது என்பதும் அவருக்குத் தெரியும். அந்த வீட்டுக்குப் பண்ணைக்காரர்களைக் கூட்டிப் போக மாட்டார். பத்து வருஷத்துக்கு முன் எந்த வீட்டில் யார் குடியிருந்தார்கள், அவர்கள் மகளை எங்கே கட்டிக் கொடுத்தார்கள் என்பதுவரை சொல்வார்.

இத்தனையும் தெரிந்தவருக்கு, போன ஜூனில் எழுதிய உங்கள் வாடகை அக்ரிமெண்ட் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

காரணம், அண்ணனின் ஆபீஸ் அவருடைய ஸ்கூட்டர். சீட்டைத் தூக்கினால் பதிவறை. மூன்று ஜாதகம் (கல்யாணத் தரகும் உண்டு), யாரோ ஒருவருடைய எல்ஐசி ரசீது, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஒரு கட்டு வெந்தயக்கீரை, பெட்ரோல் துடைத்த துணி. அந்தத் துணியைச் சுற்றியிருக்கும் காகிதத்தை விரித்துப் பார்த்தால் “வாடகைதாரர் பின்கண்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு” என்று ஆரம்பிக்கும். உங்களுடையதாகவும் இருக்கலாம்.

அந்த அக்ரிமெண்ட் எழுதப்பட்ட நாளை நினைத்துப் பாருங்கள். பதினோரு மாதம்தான் எழுதுவார்கள். ஏன் என்று கேட்டால் அண்ணன் குரலைத் தாழ்த்தி, “அதுக்கு மேல எழுதுனா கவர்ன்மெண்ட் உள்ள வந்துருங்க” என்பார். விஷயம் அவ்வளவு மர்மமானதில்லை. 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளர் ஆபீசில் பதிய வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து இந்தியா முழுக்க வீடுகள் பதினோரு மாதத்துக்கே வாடகைக்குப் போகின்றன. பன்னிரண்டாவது மாதத்தில் குடியிருப்பவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதே வீட்டில்தான் இருப்பார்கள்.

பத்திரம் ராசிபுரத்திலிருந்து வரும். முன்பு 20 ரூபாய்ப் பத்திரத்தில் வேலை முடிந்தது. 2024இல் ஒப்பந்தப் பத்திரத்துக்கு அது 200 ரூபாய் ஆனது. அண்ணனுக்கு இதைவிடத் தோதான சட்டத்திருத்தம் அமையவில்லை. “ரெண்டு காப்பின்னா நானூறுங்க. எதுக்கு வீண் செலவு? ஒண்ணே போதும், அது எங்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்” என்றார். மிச்சமான இருநூறை நினைத்து இரண்டு தரப்பும் சந்தோஷமாகத் தலையாட்டின. தொலைப்பதற்கு இருப்பதே ஒரு காப்பி என்று ஏற்பாடானது அன்றைக்குத்தான்.

அதிலும் வீட்டுக்காரர் கையெழுத்து உடனே கிடைக்காது. இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊரில் இருப்பது அபூர்வம். லாரி வைத்திருப்பவர் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் தாண்டியிருப்பார். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் பங்கு வைத்திருப்பவர் சத்தீஸ்கரில் எங்கேயோ போர் போட்டுக்கொண்டிருப்பார். “வந்ததும் கையெழுத்து வாங்கித் தாரனுங்க, நீங்க சாமான எறக்குங்க.” நீங்கள் சாமானை இறக்கி, பால் காய்ச்சி, மூன்று மாத வாடகையும் கொடுத்த பிறகு ஒருநாள் வீட்டுக்காரர் வந்திருப்பார், கையெழுத்தும் போட்டிருப்பார், மறுபடி நாக்பூர் போயிருப்பார். பத்திரம் அண்ணனின் சீட்டுக்கடியில் வெந்தயக்கீரையோடு சேர்ந்திருக்கும்.

இனி அடுத்த ஜனவரி. கல்லூரி அக்கவுண்ட்ஸ் ஆபீஸ் வீட்டு வாடகைப்படிக் கணக்குக்கு அக்ரிமெண்டும் ரசீதும் கேட்கும். வாத்தியார் அண்ணனுக்குப் போன் போடுவார்.

“பேப்பர் எங்கீங்க போகும்? வூட்லதான் இருக்குது. வெள்ளென வந்து தாரனுங்க.”

வெள்ளென என்றால் விடிகாலை. எந்த விடிகாலை என்பது தனி. இரண்டாவது போனில், பேப்பர் மச்சான் வீட்டில் இருக்கும். மூன்றாவதில், ஜெராக்ஸ் கடையில் கொடுத்திருப்பார், கடைக்காரர் பழனிக்குப் போயிருப்பார். நான்காவதில் கூரியர் வந்துவிடும். இதில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. கடலூர் மாவட்டத்திலும் ஒரு புதுச்சத்திரம் இருக்கிறது, சிதம்பரம் போகிற வழியில். வீட்டுக்காரர் அனுப்பிய கவர் அந்தப் புதுச்சத்திரத்துக்குப் போய்விட்டது என்று அண்ணன் சொல்லும்போது மறுத்துப் பேச முடியாது. எனக்குத் தெரிந்து இந்த ஊரில் தொலைந்த காகிதங்களில் பாதி வங்கக் கடலோரம் குடியேறிவிட்டன. கடைசி போனில் அண்ணனே நம்மைக் கேட்பார்: “அன்னைக்கே உங்க கையில குடுத்த மாதிரி இருக்குதுங்களே சார்?”

இங்கே குடியிருப்பவர்கள் பக்கமும் பேச வேண்டும். இவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கையெழுத்தான அன்று பத்திரத்தை ஒரு போட்டோ எடுத்தவர், அதைப் பழைய போனில் எடுத்திருப்பார். அந்த போன் இப்போது ஊரில் மாமியாரிடம் இருக்கும். இன்னொருவர் வாட்ஸ்அப்பில் வைத்திருப்பார். முதல் பக்கம் தெளிவாக இருக்கும், கையெழுத்துள்ள பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் மட்டும் தெளிவாக இருக்கும். பேச்சிலர் பையன்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்த வீடென்றால் அக்ரிமெண்ட் எவன் பேரில் இருந்தது என்பதே சர்ச்சை. பேர் உள்ளவன் வேலை மாறி ஓசூர் போயிருப்பான். மாதா மாதம் வாடகையைக் கையில் கொடுத்துவிட்டு ரசீது கேட்கக் கூச்சப்பட்டவர்கள்தான் எல்லாரும். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீது என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள்கூட, ஒரு ரூபாய்க்காக வீட்டுக்காரரிடம் மரியாதையைக் கெடுத்துக்கொள்வானேன் என்று இருந்துவிட்டவர்கள்.

தொலைந்தது தொலைந்ததுதான் என்று தெளிவானதும் அண்ணன் பெருந்தன்மையோடு, “அதே மாதிரி இன்னொண்ணு போட்டுரலாமுங்க” என்பார். போடலாம். ஆனால் பத்திரம் விற்ற தேதி பத்திரத்திலேயே இருக்குமே? ஜூனில் குடிவந்ததாக எழுதிய ஒப்பந்தம் ஜனவரியில் விற்ற பத்திரத்தில் இருந்தால், அக்கவுண்ட்ஸ் ஆபீஸ் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஒருமுறை பார்ப்பார். “பழைய தேதிப் பத்திரம் கெடைக்குமான்னு விசாரிக்கறனுங்க” என்று அண்ணன் அடுத்த உதவிக்குக் கிளம்பினால் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட வேண்டும். அந்த வழி ராசிபுரம் கோர்ட்டுக்குப் போகிற வழி.

“போலீசில் எழுதிக் கொடுத்துவிடலாமா?” என்று ஒரு வாத்தியார் கேட்டார். தமிழ்நாடு காவல்துறை இணையத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கைக்கு வசதி செய்திருக்கிறது. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றைத் தொலைத்தவர்கள் பதிந்து எடுத்துக்கொள்ளலாம். போலீஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணன் டீயைக் கீழே வைத்தார். “ஒரு பேப்பருக்குங்களா? இருங்க, ஒரு எட்டு வூட்டுக்குப் போயிட்டு வாரன்.” பீரோவுக்குப் பின்னாலிருந்து அன்று சாயங்காலமே இரண்டு அக்ரிமெண்ட் கிடைத்தன. இரண்டும் வேறு யாருடையவோ.

புதுச் சட்டத்தைப் பற்றிச் சொன்னால் அண்ணன் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017இல் வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அனுப்பிவிட்டு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், பதிவதற்கு இணையதளம் உண்டு. பதினோரு மாதக் கணக்கு அங்கே செல்லாது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. கையெழுத்தான அசல் ஒன்றைப் பதினைந்து நாளுக்குள் குடியிருப்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் அதில் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்: “வேற உடன்பாடு.”

காகிதத்தின் உண்மையான அருமை வீட்டைக் காலி செய்கிற அன்றுதான் தெரியும். அட்வான்ஸ் நாற்பதாயிரம் கொடுத்தேன் என்பார் வாத்தியார். முப்பது என்பார் நாக்பூரிலிருந்து போனில் வீட்டுக்காரர். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிப்போம் என்று எழுதியிருக்கிறது என்பார் அவர். எழுதவே இல்லை என்பார் இவர். எழுதியது எங்கே? இரண்டு பேரும் அண்ணனைப் பார்ப்பார்கள். இந்தக் கணத்துக்காகவே பிறந்தவர் போல அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். அன்றைக்கு என்ன கிழமை, யார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், நோட்டு எந்தக் கட்டாக இருந்தது என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் தொகைக்கு வருவார். “முப்பத்தஞ்சுங்க.”

வாத்தியார் ஐயாயிரம் விட்டார். வீட்டுக்காரருக்கு ஐயாயிரம் லாபம். அண்ணனின் ஞாபகத்தில் ஒரு சாய்மானம் இருக்கிறது, நான் கவனித்திருக்கிறேன். குடியிருப்பவர் இன்றைக்குப் போய்விடுவார். வீட்டுக்காரர் நாளைக்கும் அதே வீட்டை அண்ணனிடம்தான் கொடுக்க வேண்டும். பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். தொழிலில் ஞாபகம் எந்தப் பக்கம் சாய்ந்தால் சோறு கிடைக்குமோ அந்தப் பக்கம் தானாகவே சாய்ந்து பழகிவிட்டது. அண்ணன் காகிதத்தைத் தொலைப்பது வெறும் சோம்பேறித்தனம் என்று இத்தனை நாள் நினைத்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அக்ரிமெண்ட் கையில் இருந்தால் அண்ணனிடம் யார் வந்து நியாயம் கேட்பார்கள்?

இத்தனையும் சொன்னதால் அவரைத் தவிர்த்துவிடாதீர்கள். புதுச்சத்திரம் பக்கம் உங்களுக்கு வேலை கிடைத்து வந்தால் அண்ணனிடமே போங்கள். தண்ணீர் வருகிற வீட்டைக் காட்டுவார், சாமான் இறக்க ஆள் பிடித்துத் தருவார், முதல் நாள் பாலும் அவரே வாங்கி வருவார். பத்திரத்தை மட்டும் இரண்டாகப் போடச் சொல்லி, இரண்டாவதற்கான இருநூறு ரூபாயை நீங்களே கொடுத்துவிடுங்கள். கையெழுத்து மை காய்வதற்குள் உங்கள் காப்பியை வாங்கிப் பையில் வையுங்கள். “எங்கிட்டயே இருக்கட்டுமுங்க” என்று அவர் கை நீட்டினால், அந்தக் கையில் ஒரு டீயைக் கொடுங்கள்.